சாப்பாட்டுக் கடைமேல் வழக்குப் போடலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கெட்ட உணவு, காலாவதியான பொருள், அசுத்தமான கடை பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஏழு கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம். சட்டத் துறையிலும் பொதுச் சுகாதாரத் துறையிலும் இருப்பவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: இரவு கடையில் எடுத்த ஃபிரைட் ரைஸ் பார்சலைச் சாப்பிட்டு வீட்டார் நாலு பேரும் விடியமுன் சத்தியும் வயிற்றோட்டமுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தோம். முதலாளியிடம் கேட்டால், "அன்றைக்கு நூறு பேர் சாப்பிட்டார்கள், உங்களுக்கு மட்டும்தானா வருத்தம்?" என்கிறார். அவர்மேல் வழக்குப் போடலாமா?
– வாசகர், கல்முனை

பதில்: போடலாம். ஆனால் எந்த இடத்துக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். பெரும்பாலான முறைப்பாடுகள் கெட்டுப்போவது இடம் மாறிப் போவதாலும் பிந்திப் போவதாலும்தான்.

முதலாவது இடம் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, உடல்நலத்துக்குக் கேடான, அழுகிய, பூச்சி விழுந்த, கலப்படமான உணவை விற்பதைத் தடை செய்கிறது. அதன்கீழ் கடையைச் சோதிக்கவும், மாதிரி எடுக்கவும், பொருளைக் கைப்பற்றவும், நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யவும் அதிகாரம் உள்ளவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது நமது பிஎச்ஐ. இந்த வழக்கில் நீங்கள் சாட்சி மட்டுமே. விதிக்கப்படும் தண்டப்பணம் உங்கள் கைக்கு வராது.

இரண்டாவது, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, தரத்துக்கு ஒவ்வாத பொருள் பற்றி எழுத்தில் முறைப்பாடு கொடுத்தால் சபை விசாரித்து, நட்டஈடு கொடு, பொருளை மாற்றிக் கொடு, காசைத் திருப்பிக் கொடு என்று வியாபாரிக்கு உத்தரவிடலாம். வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத வேண்டும். உத்தரவை வியாபாரி மதிக்காவிட்டால் சபை நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் அந்தத் தொகையைத் தண்டப்பணம் போலவே அறவிடலாம். சட்டத்தரணி தேவையில்லை, நீதிமன்றச் செலவும் இல்லை.

மூன்றாவது, மாவட்ட நீதிமன்றத்தில் நீங்களே வாதியாக நிற்கும் நட்டஈட்டு வழக்கு. கவனயீனத்தால் வந்த தீங்குக்கு நட்டஈடு கேட்பது நமது ரோமன்-டச்சுச் சட்டத்தில் உள்ள உரிமை. இதற்குக் காலவரையறை 2 வருடம். 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, விற்ற பொருள் பாவனைக்கு உகந்ததாக இருக்கவில்லை என்றும் வாதாடலாம். ஆனால் அந்த வாதம் காசு கொடுத்து வாங்கியவருக்கு மட்டும்தான். பார்சலை வாங்கியவர் தகப்பன், ஆஸ்பத்திரியில் கிடந்தது பிள்ளை என்றால், பிள்ளையின் கோரிக்கை கவனயீனத்தின்மேல்தான் நிற்க வேண்டும். பல கோரிக்கைக் கடிதங்களில் இந்த வித்தியாசம் தவறவிடப்படுகிறது.

இந்த மூன்றுக்கும் பொதுவானது ஆதாரம். அது முதல் 24 மணித்தியாலத்தில் சேர வேண்டியது.

ஆஸ்பத்திரியில் வைத்தியரிடம் "சாப்பாட்டில் சந்தேகம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உணவு நஞ்சாதல் அறிவிக்கப்பட வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது. வைத்தியர் எச் 544 படிவத்தில் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தால் பிஎச்ஐ விசாரணை தானாகவே தொடங்கும். "காய்ச்சலும் வயிற்றோட்டமும்" என்று மட்டும் கொப்பியில் எழுதப்பட்டால் அந்தப் பாதை அடைபட்டுவிடும். மலப் பரிசோதனை செய்வதானால் அன்டிபயோட்டிக் தொடங்கமுன் மாதிரி கொடுப்பது நல்லது. வீட்டுக்கு விடும்போது டயக்னோசிஸ் கார்டைக் கேட்டு வாங்குங்கள்.

மிச்சச் சாப்பாட்டைக் கொட்ட வேண்டாம். லஞ்ச் ஷீட்டோடு, கடையின் பெயர் போட்ட பையோடு சேர்த்துச் சுத்தமான மூடிப் பெட்டியில் போட்டு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃபிரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் சில கிருமிகள் செத்துப் பரிசோதனையில் தெரியாமல் போகும். பெட்டியில் திகதியும் நேரமும் எழுதி ஒட்டுங்கள்.

பிஎச்ஐக்கு அன்றைக்கே தகவல் போக வேண்டும். மறுநாள் காலை கடைச் சட்டியெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். வீட்டில் நீங்கள் வைத்திருக்கும் மிச்சத்தை நீதிமன்றத்தில் கடைக்காரரின் சட்டத்தரணி ஒரே கேள்வியில் தள்ளிவிடலாம்: "மூன்று மணித்தியாலம் மேசையில் திறந்து கிடந்ததா இல்லையா?" கடையிலேயே பிஎச்ஐ எடுத்து, மூன்று பங்காகப் பிரித்து முத்திரையிட்டு, ஒன்றைக் கடைக்காரரிடம் கொடுத்து, ஒன்றை அங்கீகரிக்கப்பட்ட பகுப்பாய்வாளருக்கு அனுப்பி, ஒன்றைத் தன்னிடம் வைத்த மாதிரியை அப்படித் தள்ள முடியாது.

இனி, "நூறு பேர் சாப்பிட்டார்கள்" என்ற பேச்சு. ஃபிரைட் ரைஸில் அடிக்கடி அகப்படுவது பசிலஸ் சீரியஸ் என்ற கிருமி. அதன் வித்துகள் சோறு வேகும் சூட்டில் சாவதில்லை. காலையில் வடித்த சோறு பெரிய அண்டாவில் மூடியபடி நடுச்சூட்டில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சைக் கக்கும். இரவில் தாச்சியில் போட்டு எவ்வளவு பிரட்டினாலும் அந்த நஞ்சு அழியாது. ஏழு மணிக்கு அண்டாவின் மேற்சோற்றைச் சாப்பிட்டவருக்கு ஒன்றும் வராது, பத்தரைக்கு நடுச்சோற்றைச் சாப்பிட்டவருக்கு வரும். கையில் வெட்டுக்காயத்தோடு கோழியைப் பிய்த்துப் போடுபவரிடமிருந்து வரும் ஸ்டஃபிலோகொக்கஸ் நஞ்சும் இப்படித்தான், எல்லாப் பார்சலிலும் ஒரே அளவில் இருக்காது. ஆகவே அவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் உங்கள் வழக்கை அது முடித்துவிடாது.

உங்கள் பக்கத்திலும் ஒன்றைச் சரிபாருங்கள். மேலே சொன்ன இரண்டு நஞ்சும் சத்தியை உண்டாக்குவது சாப்பிட்டு 1 முதல் 6 மணித்தியாலத்துக்குள். சல்மொனெல்லா என்றால் 6 முதல் 72 மணித்தியாலம். நெருப்புக்காய்ச்சல் வர 1 முதல் 3 கிழமை. கடைசியாகச் சாப்பிட்ட கடையின் மேல்தான் எல்லாருக்கும் கை நீளும், ஆனால் குற்றவாளி முந்தின நாள் கல்யாண வீட்டுச் சாப்பாடாகவும் இருக்கலாம். வருத்தம் வந்த ஒவ்வொருவரும் மூன்று நாளில் எங்கே, என்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்று தனித்தனியே எழுதி வைத்தால் பிஎச்ஐக்கும் உதவும், உங்கள் வழக்குக்கும் பலம்.

ஒரு நாள் வயிற்றோட்டத்தோடு போன விஷயத்துக்கு மாவட்ட நீதிமன்றம் ஏறச் சொல்ல மாட்டோம். சட்டத்தரணி கூலியும் தவணைக்குப் போகும் நாட்கூலியும் நட்டஈட்டை விழுங்கிவிடும். அதற்குப் பாவனையாளர் அதிகார சபை போதும். சிறுநீரகம் பாதித்தது, கர்ப்பம் கலைந்தது, பல நாள் தீவிர சிகிச்சையில் இருந்தது, உயிர் போனது என்றால் கட்டாயம் சட்டத்தரணியைப் பாருங்கள். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். சிறிய தொகைக் கோரிக்கைகள் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழோடுதான் நீதிமன்றம் வர வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: மூடி திறக்காத சோடாப் போத்தலுக்குள் ஏதோ கறுப்பாக மிதக்கிறது. கடைக்காரர் வேறு போத்தல் தருகிறேன், இதைத் தாருங்கள் என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: கொடுக்க வேண்டாம். திறக்கவும் வேண்டாம். உங்கள் முழு வழக்கும் அந்தத் திறக்காத மூடிதான். திறந்துவிட்டால் "நீங்களே போட்டது" என்பார்கள். போத்தலின் நாலு பக்கமும் படம் எடுங்கள். தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் தெளிவாகத் தெரிய வேண்டும், பெரும்பாலும் கழுத்திலோ மூடியிலோ அழியும் மையில் அச்சடித்திருப்பார்கள். ஈரக்கையால் தடவாதீர்கள். பிறகு பிஎச்ஐயைக் கூப்பிட்டு, அதே தொகுதி இலக்கமுள்ள போத்தல்கள் கடையில் இருக்கும்போதே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட விஷயத்தில் கடைக்காரர் மட்டும் பொறுப்பல்ல. மூடிய பொதிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. முறைப்பாட்டில் உற்பத்தியாளரின் பெயரையும் முகவரியையும் லேபிளில் உள்ளபடியே எழுதுங்கள். கம்பனிக்காரர் நேரில் வந்து "போத்தலைத் தாருங்கள், ஆய்வுக்கு அனுப்புகிறோம்" என்று கேட்டாலும், பிஎச்ஐயிடம் கொடுத்ததற்கான எழுத்து உங்கள் கையில் இருக்கட்டும்.

கேள்வி: வாங்கிய பால்மா காலாவதியாகி இரண்டு மாதம். பில் தரவில்லை. கடையில் "விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது" என்று போர்டு வேறு.
– வாசகி, ஏறாவூர்

பதில்: போர்டைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். அந்த வாசகம் சட்டம் தந்த உரிமையை அழிக்காது. காலாவதியான பொருளை விற்பதே குற்றம். நீங்கள் கேட்டால் திகதி, அளவு, விலை குறித்த பற்றுச்சீட்டுத் தர வேண்டியது பாவனையாளர் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி வியாபாரியின் கடமை. நம்மவர்கள் வெட்கப்பட்டுக் கேட்பதில்லை, அதுதான் குறை. பில் இல்லையென்றால் கார்டில் காசு கட்டிய குறுஞ்செய்தி, வட்சப்பில் சாமான் சொன்ன பதிவு, கூடப் போனவரின் வாக்குமூலம் எல்லாம் ஆதாரம்தான். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குக் கோல் எடுங்கள். எழுத்து முறைப்பாட்டை மாவட்டச் செயலகத்தில் உள்ள அதிகார சபை அலுவலகத்தில் தமிழிலேயே கொடுக்கலாம். உங்கள் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், கடையின் பெயர், முகவரி, வாங்கிய திகதி, தொகுதி இலக்கம், விலை, கடைசியாக உங்களுக்கு என்ன வேண்டும். இந்தக் கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. "நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால் கடைக்கு எதிரான நடவடிக்கையோடு கோப்பு மூடப்படலாம். காசைத் திருப்பித் தர வேண்டும், மருந்துச் செலவு இவ்வளவு தர வேண்டும் என்று தொகையோடு கேளுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கேள்வி: ஒரு பேக்கரியின் அசுத்தம் பற்றிப் பிஎச்ஐயிடம் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து என்ன?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: ஒன்றும் நடக்கவில்லையா, நடந்தது உங்களுக்குத் தெரியவில்லையா என்பதை முதலில் பிரித்தறியுங்கள். மாதிரி அனுராதபுரத்துக்கோ கொழும்புக்கோ போய் அறிக்கை திரும்ப நாள் எடுக்கும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்க வேண்டியவை: எனது முறைப்பாடு பதியப்பட்ட திகதி, கடை சோதிக்கப்பட்ட திகதிகள், எச் 800 பரிசோதனைப் படிவத்தின் பிரதி, கொடுத்த அறிவித்தல்கள், அனுப்பிய மாதிரிகளும் அறிக்கை வந்த திகதிகளும், வழக்கு இருந்தால் அதன் இலக்கம். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். அது கேள்வி, தகவல் அல்ல. மறுப்பதற்கு அவர்களுக்கு நீங்களே வழி கொடுத்ததாகிவிடும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு.

கடிதம் போனதுமே கோப்பு அசைவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அசையாவிட்டால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுதுங்கள். வாழைச்சேனை என்றால் மட்டக்களப்புப் பணிமனை. அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தாருக்குக் கல்முனையில் தனிப் பணிமனை இருக்கிறது, அம்பாறை நகருக்குக் கடிதம் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

அதற்கும் மேலே, சட்டக் கடமையைச் செய்யச் சொல்லி நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கலாம், சட்டத்தரணிகள் மண்டாமுஸ் என்பார்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 136ஆம் பிரிவின்படி ஒரு குடிமகனே நீதவானிடம் தனிப்பட்ட முறைப்பாடு தாக்கல் செய்யவும் இடமுண்டு. எழுத்தில் கொடுத்தால் சட்டத்தரணியின் மேலொப்பம் வேண்டும். தண்டனைச் சட்டக்கோவையிலும் கேடான உணவு விற்பது குற்றம்தான். ஆனால் பகுப்பாய்வாளர் அறிக்கை இல்லாமல் இந்த வழியில் போய் வெல்வது கடினம். வெறும் கோபத்தில் இறங்க வேண்டாம்.

அடிப்படை உரிமை மீறல் வழக்கு என்று சிலர் சொல்வார்கள். அது அரச அதிகாரிகளின் செயலுக்கும் செயலின்மைக்கும் எதிராக, ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போடுவது. தனியார் பேக்கரிமேல் போட முடியாது.

கேள்வி: பக்கத்துக் கோழிக் கடையின் கழிவு வடிகானில் கொட்டப்படுகிறது. இலையானும் நாற்றமும். நாங்கள் அந்தக் கடையில் எதுவும் வாங்குவதில்லை. எங்களுக்கு உரிமை உண்டா?
– வாசகர்கள், அக்கரைப்பற்று

பதில்: உண்டு. வாங்கியிருக்கத் தேவையே இல்லை. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு, சமூகத்தின் சுகாதாரத்துக்குக் கேடான தொழிலை நிறுத்தவோ அகற்றவோ நீதவான் நிபந்தனைக் கட்டளையிடலாம் என்கிறது. பொலிஸ் அறிக்கையிலும் ஆகலாம், வேறு தகவலிலும் ஆகலாம். நாலைந்து வீட்டார் சேர்ந்து சத்தியக் கடதாசி, திகதியுள்ள படங்கள், பிஎச்ஐ அறிக்கை இருந்தால் அதையும் இணைத்துச் சட்டத்தரணி மூலம் போங்கள். படம் எடுப்பதானால் கழிவு கொட்டும் நேரத்தில் எடுங்கள். வெறும் அழுக்குக் கானின் படம் யாருடைய கழிவு என்று சொல்லாது. அதோடு, அந்தக் கடைக்கு மாநகர சபை அல்லது பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரம் இந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று சபையிலும் விசாரியுங்கள். பல இடங்களில் விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

கேள்வி: கெட்ட தயிர்ச் சட்டியைப் படம் எடுத்துக் கடையின் பெயரோடு பேஸ்புக்கில் போட்டேன். கடைக்காரர் மானநஷ்ட வழக்குப் போடுவேன் என்கிறார்.
– வாசகர், செங்கலடி

பதில்: குற்றவியல் மானநஷ்டம் 2002இல் நீக்கப்பட்டது. சிவில் வழக்கு இன்னும் உண்டு. நடந்ததை மட்டும் எழுதியிருந்தால், அதாவது "இன்ன திகதியில் வாங்கிய தயிரில் பூஞ்சணம் இருந்தது" என்பதோடு நின்றிருந்தால், பயப்பட அதிகம் இல்லை. "நஞ்சு விற்கிறான், கள்ளன்" என்று எழுதியிருந்தால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். இனிமேல் முதலில் முறைப்பாடு, பிறகு பதிவு. முறைப்பாட்டுப் பிரதி கையில் இருந்தால் உங்கள் பதிவுக்கும் அது கவசம்.

கேள்வி: வீட்டில் இடியப்பம், பிட்டு, சம்பல் செய்து மூன்று கடைகளுக்குக் கொடுக்கிறேன். யாராவது வழக்குப் போட்டால் எனக்கு என்ன ஆகும்?
– வாசகி, திருக்கோவில்

பதில்: வீட்டிலிருந்து விற்றாலும் உணவுச் சட்டம் பொருந்தும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் உங்கள் சமையல் இடத்தைப் பதிந்து, மருத்துவச் சான்றும் எடுத்துக்கொள்ளுங்கள். பிஎச்ஐ வந்து பார்த்துத் திருத்தச் சொல்வதைத் திருத்தியிருந்தால், கவனயீனம் என்ற குற்றச்சாட்டுக்கு அதுவே பாதிப் பதில்.

மூன்றில் முதலில் கெடுவது சம்பல்தான். பச்சைத் தேங்காய், வெங்காயம், கைபட்டுப் பிசைதல் மூன்றும் சேர்ந்தது அது. சமைக்காமலே கொடுக்கிறீர்கள், கிருமியைக் கொல்லும் சூடு எங்கேயும் படுவதில்லை. விடிய நாலு மணிக்கு அரைத்தது பத்து மணிவரை கடை வெயிலில் இருந்தால் பொறுப்பு உங்கள் தலையிலும் விழும். சம்பலைத் தனிப் பெட்டியில், முடிந்தால் குளிர்ப்பெட்டியில் 5 பாகை செல்சியஸுக்குக் கீழே கொடுங்கள். சொதியும் கறியும் சூடாகக் கொடுப்பதானால் 60 பாகைக்கு மேலே இருக்க வேண்டும், இரண்டுக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி பெருகும். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தோ குளோரின் போட்டோ பாவியுங்கள். விரலில் வெட்டு இருந்தால் நீர் புகாத பிளாஸ்டரும் கையுறையும் போடுங்கள், வயிற்றோட்டம் என்றால் அன்றைக்கு அடுப்புப் பற்ற வைக்காதீர்கள்.

ஒரு சிஆர் கொப்பியில் ஒவ்வொரு நாளும் செய்து முடித்த நேரம், கடைக்குக் கொடுத்த நேரம், அளவு, வாங்கியவரின் ஒப்பம் எழுதி வையுங்கள். காலைக்கென்று கொடுத்ததைக் கடைக்காரர் மாலையில் மிச்சம் சேர்த்து விற்றுப் பிரச்சினை வந்தால், எந்தக் கையில் கெட்டது என்று காட்ட உங்களிடம் இருக்கும் தாள் அந்தக் கொப்பிதான். "காலை 10 மணிக்குப் பின் விற்க வேண்டாம்" என்று பெட்டியிலும் ஒட்டிவிடுங்கள்.